கெட்டில்பெல்: வாங்கும் முன்பும் தூக்கும் முன்பும் கேட்கிற கேள்விகள்

கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. அதை வாங்கி வந்து டம்பெல்லாகத் தூக்கிக்கொண்டிருப்பவர்கள்தான் நம்மூரில் அதிகம். அப்படித் தூக்குவதற்கு டம்பெல்லே போதும், விலையும் குறைவு. கெட்டில்பெல்லில் எடை முழுவதும் கைக்கு வெளியே, கைப்பிடிக்குக் கீழே தொங்குகிறது. அதனால் அதை வீசலாம். வீசுகிற எடையை இடுப்பால் தள்ளி, இடுப்பால் தாங்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சியின் சாரம். கை வெறும் கயிறு. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

இளவட்டக்கல்லும் கர்லாக்கட்டையும் இருக்கிற ஊரில் இது எதற்கு?

நியாயமான கேள்வி. நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குவதைப் பார்த்தவர்களுக்கு 16 கிலோ இரும்பு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். ஆனால் வேலை வேறு. இளவட்டக்கல்லுக்குப் பிடி கிடையாது. அணைத்து, மடிக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்கு மேலே தள்ள வேண்டும். அணைக்கும்போது முதுகு வளைந்துதான் ஆகும். ஒருமுறை தூக்கினால் முடிந்தது. கெட்டில்பெல்லில் முதுகு வளையவே கூடாது, வேலையோ ஒரு நாளைக்கு நூறு முறை. கல் தூக்கிப் பழகியவர்கள் ஸ்விங், அதாவது பெல்லைத் தொடைகளுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு வீசுவதை, கற்கும்போது முதல் வாரம் தடுமாறுவது இந்த முதுகு விஷயத்தில்தான்.

கர்லாக்கட்டை தோள்பட்டைக்கும் பிடிக்குமான சுழற்சி. அது இதற்குப் பகை இல்லை. ஒரே நாளில் இரண்டும் செய்வதானால் கெட்டில்பெல்லை முதலில் முடியுங்கள். கர்லா சுற்றிப் பிடி தளர்ந்த கையோடு ஸ்விங் போட்டால் பெல் கையைவிட்டுப் பறக்கும்.

எத்தனை கிலோவில் தொடங்குவது?

சாதாரண உடல்நிலையில் இருக்கிற ஆணுக்கு 16 கிலோ. இதுவரை எந்தப் பயிற்சியும் செய்யாதவர், ஐம்பதைத் தாண்டியவர் என்றால் 12. பெண்களுக்கு 8 கிலோ. தண்ணீர்க் குடமும் அரிசிச் சிப்பமும் தூக்கிப் பழகிய பெண் ஸ்விங்குக்கு நேராக 12 எடுக்கலாம். தலைக்கு மேலே தூக்குகிற பயிற்சிகளுக்கு மட்டும் 8 வைத்துக்கொள்ளட்டும்.

பயந்துபோய் 4 கிலோ வாங்குவது பெரிய தவறு. அவ்வளவு லேசான எடையைக் கையாலேயே உயர்த்திவிட முடியும், இடுப்பு எதையும் கற்றுக்கொள்ளாது. இரண்டு மாதம் கழித்துக் கனமான பெல்லை எடுக்கும்போது அதே கைப்பழக்கம் தோளைக் கெடுக்கும்.

16, 24, 32 என்ற எடைகள் ரஷ்யாவிலிருந்து வந்தவை. அங்கே பழைய எடையளவு ‘பூட்’. ஒரு பூட் 16.38 கிலோ. ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட் என்பதே இந்த மூன்றும். இப்போது 4 கிலோ இடைவெளியில் எல்லா எடையும் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 16-லிருந்து 24-க்குத் தாவினால் ஒரேயடியாகப் பாதி எடை கூடிவிடும். நடுவில் 20 இருப்பது நல்லது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒன்றே போதும். ஓர் ஆண்டுக்கு வேலை இருக்கிறது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கைப்பிடியை. கடைக்கு நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள். கைப்பிடியின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். வார்ப்பு அச்சு இரண்டும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய வரப்பு இருக்கும். அது விரலில் உரசினால் நூறு ஸ்விங்கில் உள்ளங்கையைக் கிழித்துவிடும். கொஞ்சமாக இருந்தால் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். நிறைய இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

பிடியின் தடிமன் 33 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான கைகளுக்குச் சரி. இரண்டு கையும் சேர்ந்து உள்ளே போகிறதா என்று பாருங்கள். சுண்டுவிரல் வெளியே வழிந்தால் பரவாயில்லை, நெருக்கிக்கொண்டு வலித்தால் வேண்டாம். தரையில் வைத்தால் ஆடக் கூடாது. பளபளப்பான எனாமல் பூச்சு வியர்வையில் வழுக்கும். சொரசொரப்பான பவுடர் கோட்டிங் நம் வெயிலுக்கு ஏற்றது.

பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்ட் அடைத்து விற்பதை வாங்காதீர்கள். அதே எடைக்கு உருவம் இரட்டிப்பாக இருக்கும், தொடைக்கு நடுவில் போகாது. பிடியும் உடலும் ஒட்டுப்போட்ட இடம் வீச்சில் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. எடை கூட்டிக் குறைக்கிற வகையில் உள்ளே திருகு இருக்கும். ஒவ்வொரு நாளும் அதை முறுக்கிப் பார்க்கிற பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

போட்டிக்கான ஸ்டீல் பெல் தனி வகை. 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே அளவு. எடையை நிறத்தால் அறியலாம்: 8 இளஞ்சிவப்பு, 12 நீலம், 16 மஞ்சள், 20 ஊதா, 24 பச்சை, 28 ஆரஞ்சு, 32 சிவப்பு. எடை கூடினாலும் முன்கையில் அது உட்காருகிற இடம் மாறாது என்பது இதன் நன்மை. பிடி குறுகலாக இருப்பதால் இருகை ஸ்விங்குக்கு அவ்வளவு வசதி இல்லை, விலையும் கூடுதல். தொடக்கத்துக்கு வார்ப்பிரும்பே போதும். வாங்கியதும் பழைய இரும்புக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எழுதியிருக்கிற எடைக்கும் உள்ள எடைக்கும் சிலசமயம் அரை கிலோ இடைவெளி இருக்கும்.

எங்கே, எதைப் போட்டுக்கொண்டு?

செம்மண் இறுகிய முற்றமோ வளவோ இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. பெல் நழுவினாலும் மண்ணில் ஒரு குழியோடு போகும். மொட்டைமாடித் தட்டோட்டில் ஒருமுறை விழுந்தால் ஓடு விரிசல் விடும். அது ஐப்பசி மழையில்தான் வீட்டுக்குள் தெரியவரும். மாடிதான் வழி என்றால் 15 முதல் 20 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ரப்பர் மேட் போடுங்கள். பத்தமடைப் பாயை விரிக்காதீர்கள். மொசைக் தரையில் அது காலோடு நழுவும், பாயும் பாழ்.

பழைய வீடுகளில் மச்சு தாழ்வு. தார்சாவில், அதாவது முன்தாழ்வாரத்தில், உத்திரம் தலைக்கு மேலே ஒரு முழம்தான் இருக்கும். கையை நீட்டி, அதற்கு மேலே ஒரு சாண் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரெஸ், அதாவது பெல்லை நெஞ்சிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவதை, செய்யுங்கள். முன்னால் மூன்று மீட்டருக்குள் ஆளோ கண்ணாடியோ பைக்கோ இருக்க வேண்டாம்.

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு ஸ்விங் போடக் கூடாது. பெல் தொடைக்கு நடுவில் போகிற பயிற்சி இது, துணி மாட்டினால் ஆளையே இழுத்துப்போடும். முழங்கால் வரை டிராயர் அல்லது டிராக் பேண்ட். பெண்கள் சுடிதார் டாப்பை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். காலுக்கு ஒன்றும் வேண்டாம், வெறுங்கால்தான் சிறந்தது. பஞ்சு அடிப்பாகம் வைத்த ஓட்டக் காலணியில் நின்றால் குதிகால் அமுங்கி நிலை தடுமாறும்.

ஸ்விங்கை எப்படிச் சரியாகப் போடுவது?

முதலில் பெல் இல்லாமல். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, புட்டத்தால் சுவரைத் தொடுங்கள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கதவைப் புட்டத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. தொட்டுவிட்டால் இரண்டு அங்குலம் முன்னால் நகர்ந்து மறுபடி. தொடையின் பின்பக்கம் இழுக்க ஆரம்பிக்கிற இடம்தான் உங்கள் எல்லை. ஜிம்மில் இதை ஹிஞ்ச் என்பார்கள்.

முதுகு நேராக இருக்கிறதா என்று அறிய ஒட்டடைக் கம்பு போதும். கம்பு பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, முதுகுத்தண்டின் கடைசி எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குனியும்போது ஏதாவது ஓரிடத்தில் விட்டால் முதுகு வளைகிறது என்று அர்த்தம்.

இப்போது பெல். பாதத்துக்கு ஓர் அடி முன்னால் வையுங்கள். கால்கள் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கட்டும். ஹிஞ்சில் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, பெல்லை உங்கள் பக்கம் சாயுங்கள். அக்குளை இறுக்குங்கள். பெல்லைப் பின்னால், தொடைகளின் நடுவே, பிடியை விடாமல் உயரமாக இழுத்து வீசுங்கள். பிடி முழங்காலுக்கு மேலேதான் கடக்க வேண்டும். முன்கை தொடையின் உள்பக்கத்தில் படும் வரை காத்திருங்கள். பட்டதும் சட்டென்று நிமிருங்கள். புட்டம் இறுக, முழங்கால் நேராக, வயிறு கெட்டியாக. பெல் தானாக நெஞ்சு உயரத்துக்கு மிதந்து வரும். அதற்கு மேலே ஏற்ற வேண்டாம்.

மேலே வந்த பெல்லைக் கீழே தள்ளக் கூடாது. அது தானே விழட்டும். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பெல் நெஞ்சு உயரத்தில் இருக்கும்போதே இடுப்பை மடக்கினால் மொத்த எடையும் முன்னால் இழுக்கும், அடி முதுகு அதைத் தாங்கும். முன்கை வயிற்றைத் தொடப்போகிற கணம்வரை நிமிர்ந்தே இருந்துவிட்டு, அப்புறம் மடங்குங்கள். பின்னால் போகும்போது மூக்கால் மூச்சு உள்ளே. நிமிரும்போது ‘ஸ்ஸ்’ என்று வாயால் சுருக்கமாக வெளியே.

முடிக்கும்போது கடைசி வீச்சைப் பின்னால் போகவிட்டு, அது திரும்பி வருகையில் தொடங்கிய இடத்திலேயே வையுங்கள். காலுக்கு நேராக, முதுகை வளைத்து இறக்காதீர்கள். பத்தும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, கீழே வைக்கும்போது முதுகைப் பிடித்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

கை தூக்குகிறதா, இடுப்பு தள்ளுகிறதா என்று சந்தேகம் வந்தால் ஒரு ஈரிழைத் துண்டைப் பிடிக்குள் நுழைத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஐந்து ஸ்விங் போடுங்கள். துண்டும் பெல்லும் ஒரே கோட்டில் நின்றால் இடுப்பு வேலை செய்கிறது. துண்டு மேலே போய் பெல் மட்டும் தொங்கினால் கை தூக்குகிறது.

ஸ்விங் போட்டால் முதுகு வலிக்கிறதே?

எங்கே வலிக்கிறது என்பதுதான் முக்கியம். மறுநாள் புட்டமும் தொடையின் பின்பக்கமும் இறுகி வலித்தால் அது சாதாரண மேல்வலி, இரண்டு நாளில் போய்விடும். அடி முதுகில் மட்டும் வலி என்றால் உங்கள் ஸ்விங்கில் தவறு இருக்கிறது. பெல் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து போகிறதா, மேலே வந்ததும் பின்னால் சாய்கிறீர்களா, ஹிஞ்சுக்குப் பதிலாக உட்கார்ந்து எழுகிறீர்களா என்று பாருங்கள். பக்கவாட்டில் செல்போனை வைத்துப் படம் பிடித்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். வலி காலில் இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழிப்பது அதற்கு வைத்தியம் ஆகாது.

கிளீன் செய்தால் மணிக்கட்டுக்கு மேலே அடிக்கிறது. கன்றிப்போய்விட்டது.

கிளீன் என்பது பெல்லைக் கீழிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. முன்கையில் நீலம் பாரிக்காமல் இதைக் கற்றவர்கள் குறைவு. ஆனால் மூன்றாவது வாரமும் கன்றிக்கொண்டிருந்தால் பழக்கம் தவறு.

பிடியை இறுக்கிக்கொண்டே மேலே கொண்டுவருவதால்தான் அடி விழுகிறது. பெல் முஷ்டிக்கு மேலே ஏறி, புரண்டு, முன்கையில் பொத்தென்று விழுகிறது. மாற்ற வேண்டியவை இரண்டு. முதலாவது, முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்து, பெல்லை உடம்பை ஒட்டி, சட்டை ஜிப்பை மேலே இழுக்கிற பாதையில் கொண்டுவாருங்கள். வெளியே வட்டமடித்து வரக் கூடாது. இரண்டாவது, பெல் தொப்புளைத் தாண்டும்போது பிடியைத் தளர்த்தி, கையைப் பிடிக்குள் ஆழமாக நுழையுங்கள். கை பெல்லைச் சுற்றிப் போக வேண்டும், பெல் கையைச் சுற்றி வரக் கூடாது. கடைசியில் பிடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து உள்ளங்கையின் அடிமேடு வரை குறுக்காகக் கிடக்கும். மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். குண்டு முன்கைக்கும் மேற்கைக்கும் நெஞ்சுக்கும் இடையில் அடங்கும்.

சுலபமான வழி, தலைகீழாகக் கற்பது. இரண்டு கையாலும் பெல்லை நெஞ்சுக்குத் தூக்கி ஒரு கையில் சரியாக உட்காரவைத்துவிட்டு, அங்கிருந்து கீழே இறக்குங்கள். இறங்கும் பாதை கைக்குப் பழகிவிட்டால் ஏறும் பாதையும் அதுதான். 12 கிலோவில் பழகுங்கள். கன்றிய இடத்தில் ரிஸ்ட் பேண்ட் மாட்டி மறைத்துக்கொண்டு பழகினால் தவறு அப்படியே நிலைத்துவிடும்.

வேறு என்னென்ன செய்யலாம்?

நிறைய இருக்கிறது. நான்கு போதும். ஸ்விங், கோப்ளட் ஸ்குவாட், பிரெஸ், டர்கிஷ் கெட்-அப். கோப்ளட்டில் பெல்லின் பிடியை இரு பக்கமும் பிடித்து நெஞ்சோடு வைத்து, முழங்கை முழங்காலின் உள்பக்கம் தொடுமளவுக்கு உட்கார வேண்டும். குதிகால் எழக் கூடாது. குத்தவைத்து உட்கார்ந்து பழகிய நம்மவர்களுக்கு இது சட்டென்று வரும்.

கெட்-அப் என்பது படுத்த நிலையிலிருந்து ஒரு கையில் எடையை நேரே மேலே நீட்டியபடியே எழுந்து நிற்பது. முதல் இரண்டு வாரம் எடை கிடையாது. முஷ்டியின் மேல் ஒரு செருப்பை வைத்துக்கொண்டு எழுந்து, மறுபடி படுங்கள். செருப்பு விழாமல் பக்கத்துக்கு மூன்று முறை முடிந்தால் 8 கிலோ. இதில் வேகம் கூடாது. ஒரு முறைக்கு அரை நிமிடம் ஆகட்டும்.

பெல்லைக் கீழிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே கொண்டுபோகிற ஸ்னாட்ச்சை நான்கு மாதம் தள்ளிவைக்கலாம்.

வாரம் எத்தனை நாள், எவ்வளவு?

மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் ஸ்விங்கே வேண்டாம். காலுக்கு நடுவில் பெல்லை வைத்து ஹிஞ்சில் தூக்கி இறக்குவது 10 வீதம் 5 முறை, கோப்ளட் 5 வீதம் 3 முறை, செருப்புக் கெட்-அப் பக்கத்துக்கு 3. மூன்றாவது வாரத்தில் ஸ்விங் 5 வீதம் 10 முறை. ஐந்தாவது வாரத்திலிருந்து ஒரு நிமிடத் தொடக்கத்தில் 10 ஸ்விங், மீதி நேரம் ஓய்வு. இப்படிப் பத்து நிமிடம் போனால் நூறு ஸ்விங். 10 ஸ்விங் 15 விநாடியில் முடிந்துவிடும் என்பதால் ஓய்வு தாராளமாக இருக்கும். ஓய்வில் உட்காராமல் நடந்துகொண்டிருங்கள். அதற்குப் பிறகு கோப்ளட் 8 வீதம் 3, பிரெஸ் கைக்கு 5 வீதம் 3. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

ஓய்வு நேரத்தில் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, பத்தாவது சுற்றும் முதல் சுற்று உயரத்துக்கே வருகிறது என்றால் எடையைக் கூட்டலாம். பத்துச் சுற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதல் வாரம் இரண்டு சுற்று 20 கிலோவில், மீதி 16-ல். வாரத்துக்கு இரண்டு சுற்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உள்ளங்கை கிழிகிறது.

உள்ளங்கை நடுவில் பிடிப்பதால் தோல் மடிந்து கிழிகிறது. விரல்களின் அடியில் கொக்கிபோலப் பிடியுங்கள், நசுக்காதீர்கள். காய்ப்பு காய்க்கட்டும், ஆனால் மேடாக வளரவிடாமல் குளித்ததும் பாதக்கல்லால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். இரவில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். கிழிந்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, மூடி, ஆறும்வரை கெட்-அப்பும் கோப்ளட்டும் மட்டும். வியர்வைக்கு ஜிம் சாக்பீஸ், அதாவது மெக்னீசியம் கார்பனேட் தூள். முகப்பவுடர் போடாதீர்கள், அது வழுக்கும்.

சித்திரை வெயிலில் செய்யலாமா?

விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாலை என்றால் ஆறரைக்குப் பிறகு. ஆனால் மொட்டைமாடித் தளம் அப்போதும் அனலாக இருக்கும், வெறுங்காலுக்கு ஆகாது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த பெல்லை நேராகத் தொட்டால் கை பொசுங்கும். நிழலில் வையுங்கள். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தலை சுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடம்பு கொதிப்பது, பேச்சுத் தடுமாறுவது என்றால் அது களைப்பு அல்ல, வெப்பத்தாக்கு. நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

யார் செய்யக் கூடாது?

கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், இதய நோய், டிஸ்க் பிரச்சினை, சமீபத்தில் அறுவைசிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள், சிசேரியன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். நெஞ்சுவலி வந்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று பொறுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெண்களுக்கு உடம்பு ஆண்போல் ஆகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. தொப்பை குறையுமா என்பவர்களுக்கு: சாப்பாடு மாறினால் குறையும். வாரம் மூன்று நாள் அரை மணி நேரத்தை அல்வாக் கடையில் ஒரே சாயங்காலத்தில் ஈடுகட்டிவிடலாம்.

துருப்பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

பயிற்சி முடிந்ததும் காய்ந்த துணியால் பிடியைத் துடைத்து வையுங்கள். வியர்வை உப்புதான் முதலில் அரிக்கும். உவரி, கூடங்குளம் பக்கம் கடற்காற்றும் சேர்ந்து அரிக்கும் என்பதால் வெளியே போட்டுவைக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை மெல்லியதாக எண்ணெய் தடவலாம், குண்டில் மட்டும். பிடியில் தடவினால் அடுத்த ஸ்விங்கில் பெல் பக்கத்து வீட்டு வளவில் கிடக்கும். துரு வந்துவிட்டால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், பெல்லின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது.